அம்பலும் அலரும் கிசுகிசுவும்

பேச்சு இல்லாத ஊர் இல்லை. கடாரம் என்று நம் முன்னோர் வழங்கிய கெடா மாநிலத்திலும் தமிழர் கூடும் இடமெல்லாம் பேச்சு உண்டு. சுங்கை பட்டாணியின் உணவுக் கடைகளிலும், பீடோங், லூனாஸ், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களின் முடிதிருத்தும் நிலையங்களிலும் தையற் கடைகளிலும், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவிலும் செவி கொடுத்துக் கேட்போர்க்கு ஒன்று விளங்கும். அங்கே அரசியலைவிடவும் விலைவாசியைவிடவும் மிகுதியாகப் பேசப்படும் பொருள் திரைப்பட நட்சத்திரங்களே. எந்த நடிகர் எவரை மணந்தார், எவரைப் பிரிந்தார். எந்த நடிகையின் நிறம் இப்போது வெளுத்திருக்கிறது. எவர் எந்த விழாவுக்கு என்ன உடுத்து வந்தார் என்பனவே அப்பேச்சின் முப்பெரும் பகுதிகள். சுருங்கச் சொன்னால் ஒழுக்கம், நிறம், உடை என்ற மூன்றும் ஆகும்.

இதனை வீண் பேச்சு என்று ஒதுக்குவது எளிது. தமிழாசிரியர் பலர் அவ்வாறே ஒதுக்குகின்றனர். ஆனால் வீண் பேச்சு என்று நாம் ஒதுக்கும் இடத்தில்தான் நம் பிள்ளைகள் மனித மதிப்பைப் பற்றிய முதற் பாடத்தைக் கற்கின்றனர். யாரைப் போற்றலாம், யாரை இகழலாம், எந்த நிறம் அழகு, எந்த உடை மரியாதை என்பனவற்றை அவர்கள் பாடநூலிலிருந்து அறிவதைவிட இப்பேச்சிலிருந்தே மிகுதியாக அறிகின்றனர். ஆதலின் இதனை ஆராய்வது தமிழ் படித்தோர் கடமை. ஆராய்வதற்கு வேண்டிய கருவியும் தமிழிலேயே இருக்கிறது.

இலக்கணம் வகுத்த பேச்சு

ஊர்ப் பேச்சுக்கு இலக்கணம் வகுத்த மொழி தமிழ். அகப்பொருள் நூல்கள் அதனை இரண்டாகப் பகுக்கின்றன. ஒன்று அம்பல், மற்றொன்று அலர். தலைவனும் தலைவியும் பிறர் அறியாமல் காதல் கொள்ளும் களவுக் காலத்தில், ஏதோ நிகழ்கிறது என்ற ஐயம் ஊரார்க்குத் தோன்றுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, வாயிதழ் விரிந்தும் விரியாமலும் குறிப்பாகச் சொல்லும் நிலையே அம்பல். அது மொட்டுப் போன்றது. பின்னர் இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே இது நிகழ்ந்தது என்று வெளிப்படையாகப் பலர் பேசும் நிலை அலர். அது மலர்ந்த பூப் போன்றது. சொல்லின் அமைப்பே அதனைக் காட்டும். அலர்தல் என்பது மலர்தல் அன்றோ?

ஈண்டு நோக்கத் தக்கது ஒன்று உண்டு. அகப்பொருளில் அலர் வெறும் பழிப்பேச்சாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அதற்கு ஒரு பயன் இருக்கிறது. அலர் எழுந்ததால் தோழி தலைவனை இடித்துரைக்கிறாள். தலைவன் மணம் முடிக்க விரைகிறான். களவு கற்பாக மாறுவதற்கு ஊரார் வாய் ஒரு துணையாகிறது. திருக்குறளின் 115ஆம் அதிகாரமாகிய அலரறிவுறுத்தலில், அலரைக் காதலுக்கு உரமாகவே காண்கிறார் வள்ளுவர்.

அதே வள்ளுவர் அறத்துப்பாலில் 19ஆம் அதிகாரமாகப் புறங்கூறாமையை வைத்தார். அடுத்த அதிகாரமாகப் பயனில சொல்லாமையை வைத்தார். ஓரிடத்தில் பொறுத்துக்கொண்ட ஒன்றை மற்றோரிடத்தில் கடிந்தது முரண்பாடு ஆகுமோ எனில், ஆகாது. புறங்கூறுவோன் ஒருவன் இல்லாத இடத்தில் அவனை அழிக்கப் பேசுகிறான். அலர் தூற்றுவோரோ, விரும்பியோ விரும்பாமலோ, மறைந்து கிடக்கும் ஒன்றை முறையான முடிவை நோக்கித் தள்ளுகின்றனர். பேச்சு நல்லதா தீயதா என்பதை அதன் இனிமை கொண்டு அளவிடாமல், அது பேசப்பட்டவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கொண்டு அளவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

பெயர் மறைப்பின் இரு வகை

அகப்பாடலுக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. அன்பின் ஐந்திணைப் பாட்டில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் கூறிவிட்டால் அது புறப்பொருள் ஆகிவிடும். இந்த விதிக்கு ஆழமான காரணம் இருக்க வேண்டும். பெயர் இல்லாத தலைவி எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். படிப்பவர் எவளோ ஒருத்தியின் கதை என்று விலகி நிற்க இயலாமல், தம் உள்ளத்தையே அங்கே காண்கின்றனர். பெயர் மறைந்ததால் உணர்ச்சி பொதுவாயிற்று. தனி மனிதர் மானமும் காக்கப்பட்டது.

நம் காலத்து வார ஏடுகள் கிசுகிசு என்ற பெயரில் வெளியிடும் செய்தியிலும் பெயர் இராது. “அந்த ஊர் நடிகை”, “இந்த எழுத்து நாயகன்” என்ற குறிப்பு மட்டும் இருக்கும். மேலோட்டமாக நோக்கினால் இதுவும் அகப்பொருள் மரபு போலத் தோன்றும். உண்மையில் இது அதற்கு நேர் எதிரானது. அகப்பாடல் பெயரை மறைப்பது, யாரென்று எவரும் தேடாமல் இருப்பதற்கு. கிசுகிசு பெயரை மறைப்பது, யாரென்று எல்லாரும் தேடுவதற்கு. முன்னது பேசப்படுவோரைக் காக்கிறது. பின்னது பேசுவோரைக் காக்கிறது. சட்டம் கேட்டால் “நாங்கள் பெயர் சொல்லவில்லையே” என்று எழுதியவர் ஒதுங்கிக்கொள்வார். படித்தவரோ ஒரு பெயரை இட்டு நிரப்பி அதனை மெய்யென்று அடுத்தவரிடம் சொல்வார். அம்பலின் வடிவும் அலரின் வேகமும் இதற்கு உண்டு. அலருக்கு இருந்த நல்ல முடிவு மட்டும் இல்லை.

முன்பு தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில் இப்பேச்சு லயத்து வாசலோடு நின்றது. 1963இன் இறுதியில் தொலைக்காட்சி வந்தது. பின்னர் ஒளிநாடாக்கள் வந்தன. 1996இல் துணைக்கோள ஒளிபரப்பு தொடங்கிற்று. இரப்பர் மரங்கள் அகன்று செம்பனை வந்தது. லயங்கள் கலைந்து மக்கள் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளில் குடியேறினர். இன்று அம்பல் கைப்பேசிக்குள் வாழ்கிறது. காலையில் தோன்றிய மொட்டு நண்பகலுக்குள் அலராகிவிடுகிறது. கருவி மாறினும் பேச்சின் இயல்பு மாறவில்லை.

ஒரு வழக்கு

இத்தகைய பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்த் திரையுலக வரலாறே சான்று தரும். 1940களில் எம். கே. தியாகராஜ பாகவதர் பெற்றிருந்த புகழுக்கு அன்று ஈடில்லை. அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியாகி, சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர் குரலுக்கு மட்டுமன்றி அவர் தோற்றத்திற்கும் மக்கள் அடிமையாயினர். தோள் வரை வளர்ந்த அவரது தலைமுடி ‘பாகவதர் கிராப்’ என்று பெயர் பெற்று, இளைஞர் பலர் தலையில் ஏறிற்று.

அக்காலத்தில் சென்னையில் சி. என். இலட்சுமிகாந்தன் என்பவர் முதலில் ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ என்ற ஏடுகளை நடத்தினார். நடிகர், நடிகையர், செல்வர் ஆகியோரின் அந்தரங்க வாழ்வைப் பற்றிய செய்திகளே அவற்றின் சரக்கு. மக்கள் முகம் சுளித்துக்கொண்டே அவற்றை வாங்கிப் படித்தனர். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் இவ்வழக்கில் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு சென்று, 1947இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர்.

விடுதலை வந்தது, போன காலம் வரவில்லை. கிருஷ்ணன் மீண்டும் நடித்துப் புகழ் பெற்றார், 1957இல் மறைந்தார். பாகவதர் சிறைக்குப் பின் நடித்த படங்கள் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959இல் அவர் காலமானார். ஏடு நடத்தியவர் உயிரிழந்தார், எழுதப்பட்டவர் வாழ்விழந்தார். நட்டம் இல்லாதவர் ஒருவரே. அவர் காசு கொடுத்து வாங்கிப் படித்த வாசகர். இந்த வழக்கைச் சொல்லும்போது நாம் கொலையைப் பற்றிப் பேசுகிறோம். படித்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. வாங்குவோர் இல்லையேல் அவ்வேடு வளர்ந்திராது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கெடா மண்ணின் கதை

பழிப்பேச்சு உயிர் கொண்ட கதை கெடாவிலேயே உண்டு. லங்காவித் தீவில் மசூரி என்னும் பெண்ணின் கல்லறை இருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அவள் வரலாறு இது. சயாமைச் சேர்ந்த புக்கெட்டிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் மகள் அவள், பேரழகி. தலைவர் குடும்பத்துக்கு மருமகளானாள். கணவன் போருக்குச் சென்றிருந்த காலத்தில், ஊருக்கு வந்த டெராமாங் என்னும் கதைப்பாட்டுக் கலைஞனோடு அவளை இணைத்துப் பேசினர். அப்பேச்சைக் கிளப்பியது கணவன் குடும்பத்துப் பெண் ஒருத்தியின் பொறாமை என்பது மரபு. முறையான விசாரணை இல்லை. அவளை மரத்தில் கட்டி வைத்துக் கிரிசால் குத்திக் கொன்றனர். குத்திய இடத்திலிருந்து வெண்குருதி வழிந்ததாகவும், ஏழு தலைமுறைக்கு இத்தீவு வாழாது என்று அவள் சபித்ததாகவும் கூறுவர். 1821இல் சயாமியப் படை கெடாவைத் தாக்கியபோது லங்காவியும் அழிவுற்றது. மக்கள் அதனைச் சாபத்தின் விளைவாகக் கண்டனர். கெடா மண்ணில் பிறந்து நாட்டின் முதற் பிரதமரான துங்கு அப்துல் ரகுமான் இக்கதையில் ஈடுபாடு கொண்டு அதனை நாடகமாக எழுதினார். பின்னர் அது மலாய்த் திரைப்படமாகவும் வந்தது.

இக்கதையைத் தமிழ் மாணவர்க்குச் சொல்லும்போது சிலப்பதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. அங்கும் ஆராயாத தீர்ப்பு உண்டு. அதன் பின் ஊரழிவு உண்டு. ஆனால் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கோவலனைக் கொன்றது பொற்கொல்லன் ஒருவனின் பொய்யும் அரசனின் அவசரமும். மசூரியைக் கொன்றதோ ஊரின் வாய். அவள் அழகி என்பதும், வெளியிலிருந்து வந்தவர் மகள் என்பதும் அவள் மீது பழி ஒட்டுவதற்கு எளிதாயின. இன்று நடிகையரைப் பற்றிப் பேசும் பேச்சிலும் இவ்விரண்டும் இருப்பதைக் காணலாம். அழகுக்காகப் போற்றப்படுவோரே முதலில் ஐயுறப்படுகின்றனர். வேற்று மொழி, வேற்று நாடு என்றால் ஐயம் இரட்டிக்கிறது.

நிறம்

மசூரியின் குற்றமின்மைக்குச் சான்றாகக் கதை வெண்மையைக் காட்டுகிறது. தமிழிலும் புகழை வெண்மையாகவும் பழியைக் கருமையாகவும் பாடும் மரபு உண்டு. “வெள்ளை உள்ளம்” என்கிறோம். இவை உவமைகள். உவமை மனத்தளவில் நிற்கும்வரை கேடில்லை. அது மனிதர் மேனிக்கு இறங்கும்போதே கேடு விளைகிறது.

நம் பழம்புலவர் மேனி நிறத்தைப் பற்றி என்ன கருதினர் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். சங்கப் பாடல்களில் தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொல் மாமை. மா என்பது கருமையைச் சுட்டும். மாந்தளிரின் நிறத்தையும் சுட்டும். கருமை கலந்த அந்தத் தளிர் நிறமே அழகு எனப்பட்டது. மாயோள் என்பதும் அத்தகைய பெண்ணையே குறிக்கும். இதற்கு மாறாக, மேனி வெளிறிப் போவதைப் பசலை என்றனர். தலைவன் பிரிவால் மாமை கெட்டுப் பசலை படர்வது ஒரு நோய். திருக்குறளின் 119ஆம் அதிகாரமாகிய பசப்புறு பருவரல் முழுதும் அந்த நோயைப் பற்றியதே. இயற்கை நிறம் மங்கிப் போவதை நோய் என்று வருந்திய மக்கள், நிறம் வெளுப்பதற்குக் காசு கொடுத்துக் களிம்பு வாங்கும் மக்களாயினர் என்பது வியப்பிற்குரிய மாற்றம். இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பு, தன் பெயரிலேயே வெண்மையையும் அழகையும் இணைத்தது. உலகெங்கும் நிறவெறி பற்றிய எதிர்ப்புக் குரல் எழுந்த 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிப் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, ஆசை மாறியதா என்பது வேறு வினா.

திரைக்கலை இவ்வாசையை வளர்த்ததும் உண்டு; எதிர்த்ததும் உண்டு. 1963இல் வெளிவந்த ‘நானும் ஒரு பெண்’ என்ற தமிழ்ப் படம், கறுப்பு நிறத்தாள் என்று இகழப்பட்ட மருமகளின் கதை. அவள் மதிப்புப் பெறுவது நிறம் மாறியதால் அன்று, குணம் அறியப்பட்டதால். எனினும் அவ்வேடத்தில் நடித்த விஜயகுமாரிக்குக் கறுப்பு வண்ணம் பூசியே நடிக்க வைத்தனர். கறுப்பு நிறப் பெண்ணுக்காகப் பரிந்து பேசிய படத்திலும் கறுப்பு நிற நடிகைக்கு இடம் கிட்டவில்லை.

மலாய் வழக்கில் டாயாங் செனாண்டோங் என்றொரு நாட்டுப்புறக் கதை உண்டு. சாபத்தால் கருநிறம் பெற்ற, இனிய குரல் கொண்ட பெண்ணின் கதை அது. 2017ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளை ஒட்டி, மலேசிய வாட்சன்ஸ் கடைகள் இக்கதையைத் தழுவி ஒரு விளம்பரப் படம் வெளியிட்டன. நடிகையின் முகத்தில் கருவண்ணம் பூசி, இறுதியில் அது நீங்கி வெண்ணிறம் வெளிப்படுவதாகக் காட்டினர். கண்டனம் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை மீட்டுக்கொண்டது. 2019இல் சிங்கப்பூரில், மின்னியல் கட்டண விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் மேனியைக் கருமையாக்கிக்கொண்டு இந்தியராகத் தோன்றினார். அதனைக் கண்டித்து இந்திய வம்சாவளியைச் சேர்ந்த உடன்பிறந்தார் இருவர் வசைச்சொல் கலந்த பாடல் ஒன்றை வெளியிட்டனர். விளம்பரத்திற்கு மன்னிப்புக் கேட்கப்பட்டது. பாடியவர்களுக்குக் காவல்துறையின் நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நம்மவர் சினந்தது முறையே. ஆயினும் பிறர் நம்மைக் கறுப்பு வேடம் போட்டுக் காட்டியபோது சினந்த நாம், நம் பள்ளி ஆண்டு விழாவில் அரக்கியாகவும் வேலைக்காரியாகவும் நடிக்க யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், இளவரசியாக நடிக்க யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் நலம். மணமகள் தேடும் விளம்பரத்தில் எந்தச் சொல்லை முதலில் எழுதுகிறோம் என்பதையும் நோக்குதல் வேண்டும். வெயிலில் பால்மரம் சீவியும் களையெடுத்தும் தோட்டத்தை வாழவைத்த தாய்மாரின் நிறத்தை அவர் பேத்தி வெறுக்கக் கற்றுக்கொள்வாளாயின், அவளுக்கு அதனைக் கற்பித்தது வேற்றினத்தார் மட்டும் அல்லர்.

இனமும் திரையும்

திரையில் எவருக்கு இடம் என்ற வினா நிறத்தோடு நிற்பதில்லை; இனத்திற்கும் மொழிக்கும் நீள்கிறது. மலாய்த் திரைப்படத்தின் பொற்காலம் எனப்படும் 1950களில், பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் முதலிய இந்திய இயக்குநர்கள் சிங்கப்பூரில் மலாய்ப் படங்களை உருவாக்கினர். கெடாவின் அண்டை மாநிலமான பினாங்கில் 1929இல் பிறந்த பி. ரம்லி, ராஜ்ஹன்ஸ் இயக்கிய ‘சிந்தா’வில் 1948இல் திரைக்கு வந்தார், கிருஷ்ணனின் ‘பக்தி’யில் 1950இல் நாயகனானார். ஆகவே இந்நாட்டுத் திரைக்கலை தொடக்கத்திலேயே பல இனத்தார் கைபட்டு வளர்ந்த பயிர்.

இதனை மறந்ததால் 2016இல் ஒரு சிக்கல் எழுந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இன் இறுதியில் வெளிவந்த ‘ஜகாட்’, தோட்டங்கள் கலைந்தபின் வழி தவறும் ஏழைத் தமிழ்க் குடும்பத்தின் கதை. பெரும்பாலும் தமிழில் அமைந்தது. 28ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்கள் தலையாய பரிசுப் பிரிவில் சேராமல் தனிப் பிரிவில் ஒதுக்கப்பட்டன. திரைத்துறையினரே இதனை எதிர்த்தனர். அவர்களுள் மலாய்க் கலைஞர் பலரும் இருந்தனர். பின்னர் பிரிவுகள் மாற்றி அமைக்கப்பட்டன. ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற பரிசைப் பெற்றது. அதன் இயக்குநரும் பரிசு பெற்றார். இங்கே பேச்சு வீணாகவில்லை. அது தனி மனிதர் ஒருவரைத் தூற்றாமல் ஒரு விதியைக் குறித்து எழுந்தது, விதி திருந்திற்று. பழைய அகப்பொருள் அலர் செய்த பணியை இது செய்தது எனலாம்.

உடை

இறுதியாக உடை. நட்சத்திரங்களைப் பார்த்து உடுத்தும் வழக்கத்தைப் பெரியோர் கடிவது எக்காலத்தும் உண்டு. பாகவதர் கிராப்பைக் கடிந்தனர்; 1980களின் நடுவில் நடிகை நதியா புகழ் பெற்றபோது தமிழகக் கடைகளில் நதியா கம்மல், நதியா வளையல் என்று விற்றவற்றையும் கடிந்தனர். ஆனால் உடை என்பது பகட்டு மட்டும் அன்று. அது மானத்தின் மொழியும் ஆகும்.

இதற்கு மலாயாத் தமிழர் வரலாற்றில் தக்க சான்று உண்டு. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள், துரையையோ கிராணியையோ கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்குவதும் ஒன்று. வயிற்றுக்குக் கேட்டவர்கள் நிமிர்ந்து செல்லும் உரிமையையும் கேட்டனர். தோற்றம் பற்றிய கேள்வி எவ்வளவு ஆழமானது என்பது இதனால் விளங்கும். 2016இல் பா. இரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ மலேசியத் தமிழர் கதையாக வந்தபோது, நாயகனின் மேல்நாட்டு உடை அழகு பற்றியே பலர் பேசினர். அப்படமோ அம்பேத்கர் அணிந்த கோட்டைச் சுட்டி, ஒடுக்கப்பட்டவன் நன்கு உடுத்துவது உரிமைக் குரல் என்ற கருத்தை முன்வைத்தது. அதே படத்தையும் ‘ஜகாட்’டையும் ஒருசேர நோக்கி, மலேசியத் தமிழன் என்றால் குண்டர் கும்பலோடுதான் திரைக்கு வர வேண்டுமா என்று கேட்பதும் நியாயமே. உடையைப் பற்றிய பேச்சு அந்த வினா வரை வளருமாயின் அது கல்வி. தையற் கடை வாசலோடு நிற்குமாயின் பொழுதுபோக்கு.

ஆகவே “அவள் தோட்டத்துப் பெண்தானே, இந்த உடை எதற்கு?” என்று கேட்கும் வாய், தன்னை அறியாமலே பழைய துரையின் வாயாகிறது. மிதிவண்டியிலிருந்து இறங்கச் சொன்னதற்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டு; தன்மையில் இல்லை.

மூன்று வினாக்கள்

நட்சத்திரங்களைப் பற்றிப் பேசாதே என்று மாணவரைத் தடுப்பதால் பயன் விளையாது. பேச்சைத் தடுப்பதினும் பேச்சை அளக்கக் கற்பிப்பதே ஆசிரியர்க்கு அழகு. அளப்பதற்கு மூன்று வினாக்கள் போதும். முதலாவது, இப்பேச்சு ஒரு பொருளைப் பற்றியதா, ஒருவர் மானத்தைப் பற்றியதா? பரிசு விதியும் விளம்பரமும் பொருள்கள். ஒரு நடிகையின் வீட்டுக் கதவு பொருள் அன்று. இரண்டாவது, பேசப்படுவோர் மறுமொழி கூற இயலுமா? மசூரிக்கு அது இயலவில்லை. பெயரில்லாக் குறிப்பில் சிக்கியவர்க்கும் இயலாது. மறுத்தாலே தம் பெயரைத் தாமே அங்கே எழுதிக்கொண்டவர் ஆவர். மூன்றாவது, இப்பேச்சின் முடிவில் எது திருந்தும்? அலரின் முடிவில் மணம் இருந்தது. 2016ஆம் ஆண்டு எதிர்ப்பின் முடிவில் விதித் திருத்தம் இருந்தது. கிசுகிசுவின் முடிவில் அடுத்த கிசுகிசுவே உண்டு.

வகுப்பில் அம்பல், அலர் என்ற சொற்களுக்குப் பொருள் கூறும் நாளில், அகநானூற்றுப் பாட்டோடு நிறுத்தாமல், மாணவர் நேற்று இரவு கைப்பேசியில் படித்த ஒன்றை இம்மூன்று வினாக்களால் அளந்து பார்க்கச் சொல்லலாம். மாமைக்குப் பொருள் கூறும் நாளில், வகுப்பில் கடைசி வரிசையில் தன் நிறத்துக்காக நாணி அமர்ந்திருக்கும் சிறுமி ஒருத்தி இருத்தல் கூடும். அந்தச் சொல் அவளைப் பற்றியது என்பதை ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிடுவாராயின், அன்றைய பாடம் நிறைவுற்றது எனலாம்.